சாந்திநிகேதன் குளிரில் ஒரு பிரின்ட்

ஜனவரி 6, செவ்வாய். ஹௌராவிலிருந்து போல்பூர்

பள்ளிக்கூடத்தில் என் விலங்கியல் ரெக்கார்டு நோட்டில் தவளையின் ஜீரண மண்டலத்தை வரைந்து கொடுத்தவன் அவன். பதிலுக்கு நான் அவனுக்குக் கணக்கு வீட்டுப்பாடம் போட்டுக் கொடுப்பேன். அந்த ஒப்பந்தத்தின் விளைவாக நான் தஞ்சாவூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன். அவன் கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்து, அங்கிருந்து மேல்படிப்புக்கு வங்காளத்தில் சாந்திநிகேதனில் இருக்கும் கலாபவனம் என்கிற கலைக் கல்லூரிக்குப் போய், படிப்பு முடிந்து பதினோரு வருஷம் ஆகியும் அங்கேயே இருக்கிறான்.

“அவன் அங்க என்னதான்டா பண்றான்? போட்டோ அனுப்புடான்னா ஒரு கறுப்பு மெஷினைப் படம் எடுத்து அனுப்பறான். நீ போய் ஒரு நாள் முழுக்கக் கூட இருந்து பார்த்துட்டு வந்து சொல்லு” என்று அவன் அம்மா காபிப் பொடி ஒரு கிலோ, கூழ் வடாம், சீவல் எல்லாம் கட்டிக் கொடுத்து அனுப்பினார். ஆக இது ஒரு வேவு பார்க்கும் பயணம்.

பகல் பதினொன்றுக்கு ஹௌரா போய்ச் சேர வேண்டிய ரயில் மூன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது. பனிமூட்டமாம். சாந்திநிகேதனுக்குப் போல்பூரில்தான் இறங்க வேண்டும். பிடிக்க வேண்டிய போல்பூர் வண்டி எப்போதோ போயிருந்தது. அடுத்த வண்டியில் முன்பதிவில்லாத பெட்டி. மூன்று பேர் உட்காரும் பலகையில் நான்கு பேர் இருந்தார்கள். என் முகத்தைப் பார்த்த ஒரு பெரியவர், “போஷூன், போஷூன்” என்று தட்டிக் காட்டி ஐந்தாவது ஆளாக்கினார். நன்றி சொல்ல வார்த்தை தெரியாததால் ஒரு பாக்கெட் சீவலை நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பெட்டியில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. எல்லாத் தலையிலும் குரங்குக் குல்லா. எனக்குத் தெரிந்து வெளியே அப்படி ஒன்றும் குளிர் இல்லை, கொடைக்கானல் சாயங்காலம் மாதிரி இருந்தது. நான் அரைக்கைச் சட்டையில் இருந்தேன். பெரியவருக்கு அது பொறுக்கவே இல்லை. “டாண்டா லேகே ஜாபே” என்று நாலு தடவை சொன்னார். குளிர் பிடித்துவிடுமாம். கடைசியில் தன் சால்வையின் ஒரு முனையை இழுத்து என் தோளில் போட்டார். இரண்டு பேரும் ஒரே சால்வையில், மாலை மாற்றிக்கொண்டவர்கள் மாதிரி, பர்தமான் வரை போனோம்.

ஜால்முடி 20 ரூபாய். நம் ஊர்ப் பொரியில் பச்சைக் கடுகெண்ணெய், வெங்காயம், பச்சை மிளகாய், மேலே தேங்காய்க் கீற்று ஒன்று. முதல் வாயில் கடுகெண்ணெய் மூக்கு வழியாக மூளைக்கு ஏறியது. மூன்றாவது வாயிலிருந்து பிடித்துவிட்டது. பர்தமான் தாண்டியதும் ஒட்டுப்போட்ட அங்கியில், ஊர் ஊராகப் பாடித் திரியும் பாவுல் பாடகர் ஒருவர் ஏக்தாரா என்கிற ஒற்றைத் தந்தி வாத்தியத்தோடு ஏறி, கூட்டத்துக்கு நடுவில் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். காசு கேட்டு யாரிடமும் வரவில்லை. கொடுத்தவர்களிடம் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

போல்பூர் வரும்போது இரவு எட்டரை. லுங்கிக்கு உள்ளே கம்பளிக் கால்சட்டை, மேலே மூன்று ஸ்வெட்டர், தலையில் அதே குல்லா. கூப்பிட்டிருக்காவிட்டால் அவனைத் தாண்டிப் போயிருப்பேன். “அரைக்கைச் சட்டையாடா?” என்பதுதான் ஆறு வருஷம் கழித்து அவன் சொன்ன முதல் வார்த்தை. டோட்டோ என்கிற பேட்டரி ரிக்ஷாவில் ஷியாம்பாட்டி தாண்டி அவன் வீட்டுக்கு 120 ரூபாய். வழியெல்லாம் டிரைவரை ‘தாதா, தாதா’ என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தான். அண்ணன் என்று அர்த்தமாம். நம் சினிமா பார்த்து வளர்ந்தவனுக்கு, இத்தனை சாதுவான தாதாவைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது.

வீட்டில் இரண்டு அறை. பெரிய அறையில் அம்மா சொன்ன அந்தக் கறுப்பு மெஷின். சின்ன அறையில் நாங்கள் இருவரும் ‘லேப்’ என்கிற பஞ்சு மெத்தைப் போர்வைக்கு அடியில். அதன் கனத்தில் திரும்பிப் படுக்கவே யோசிக்க வேண்டியிருந்தது.

ஜனவரி 7, புதன். காலை

மார்கழி 23. ஊரில் இந்நேரம் ஒலிபெருக்கியில் திருப்பாவை. இங்கே ஐந்தரை மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். போனில் 9 டிகிரி காட்டியது.

வாசலில் தோளில் காவடியும் இரண்டு பக்கமும் மண்பானையுமாக ஒரு பெரியவர். ஈச்ச மரம் சீவுகிறவர். இங்கே அந்தத் தொழில்காரரை ஷிவுலி என்கிறார்கள். நண்பன் அவரைச் ‘சாச்சா’, அதாவது சித்தப்பா, என்று கூப்பிட்டு இரண்டு லிட்டர் வாங்கினான், 100 ரூபாய். பனிக்குளிரில் இருந்த பானையின் வெளிப்பக்கம் தொட்டால் விரல் விறைத்தது. அப்படியே ஒரு டம்ளர் குடிக்கப் போனேன். பிடுங்கிவிட்டான்.

“ராத்திரி வௌவால் வந்து பானையில நாக்கு வைக்கும்டா. நிபா காய்ச்சல் வரும். சாச்சா வலை கட்டித்தான் வைக்கிறார். இருந்தாலும் நான் கொதிக்க வச்சுத்தான் குடிப்பேன்.”

கொதிக்க வைத்த பதநீருக்குப் புகையும் கரும்பும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நம் பனம் பதநீரில் இருக்கும் சுண்ணாம்பு ருசி இதில் இல்லை. ஊர்ச்சாலைகளில் பனை ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்த நாக்கு கொஞ்சம் ஏமாந்தது என்று சொல்லித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் காபி. பொடி இருக்கிறது, பில்டர் இல்லை. பதினோரு வருஷமாக டீ குடித்துக்கொண்டிருக்கிறானாம். பிளேட்டில் மை துடைக்க வைத்திருந்த சல்லாத் துணியில் ஒரு புதுத் துண்டைக் கிழித்து அதில் வடிகட்டினான். மோசமில்லை. ‘சா காபே?’ என்றால் டீ சாப்பிடுகிறாயா என்று அர்த்தம். வங்காளத்தில் தண்ணீரையும் சாப்பிடுவார்கள், சிகரெட்டையும் சாப்பிடுவார்கள் என்று சிரித்தான். நாமும் காபி சாப்பிடுகிறவர்கள்தானே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றேன்.

ஏழு மணிக்குச் சாச்சாவின் குடிசைக்கு நடந்தோம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. காலடியில் மட்டும் சிவப்பு மண். வல்லம் பக்கத்து மண் இப்படித்தான் இருக்கும். ஆனால் அது இப்படி ஈரமாக மணந்து நான் பார்த்ததில்லை.

ஈச்ச மரத்தை முதல் முறையாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பனையில் பாளையைச் சீவுவோம். இங்கே பாளையைத் தொடுவதே இல்லை, மரத்தின் கழுத்தையே ஒரு பக்கமாகச் செதுக்கி, மூங்கில் குழாய் ஒன்றைச் செருகி, அதன் கீழே பானையைக் கட்டுகிறார்கள். இந்த வருஷம் கிழக்குப் பக்கம் செதுக்கினால் அடுத்த வருஷம் மேற்குப் பக்கம், கொஞ்சம் மேலே. அதனால் மரம் நேராக இல்லாமல் இடமும் வலமுமாக வெட்டுப்பட்டு, படிக்கட்டு போல ஏறுகிறது. வெட்டை எண்ணினால் எத்தனை வருஷம் சீவியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நான் எண்ணிய மரத்தில் பதினேழு. சாச்சா இடுப்பையும் மரத்தையும் சேர்த்து ஒரு கயிறு கட்டி, அதில் முழுசாகச் சாய்ந்துகொண்டு, வளைந்த அரிவாளால் காகிதம் கனத்துக்கு ஒரு சீவல் எடுத்தார். அந்த இடம் உடனே ஈரமாகப் பளபளத்தது.

மரங்கள் அவருடையவை இல்லை. குளிர்காலத்துக்கு மட்டும் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கி, மரத்துக்கு இத்தனை கிலோ வெல்லம் என்று சொந்தக்காரருக்குக் கொடுத்து எடுத்துக்கொள்கிறார். பக்கத்தில் அவர் மனைவி, பெரிய தகரத் தாம்பாளத்தில் பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கீழே எரிந்தது வைக்கோலும் காய்ந்த ஓலையும். நுரை வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து செங்கல் நிறத்துக்குப் போனது. நண்பன் பேசாமல் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, சாச்சாவின் காலை மட்டும் வரைந்தான். பாதம் மரத்தில் பதிந்திருக்கும் விதத்தை. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

“இவ்வளவுதானா?”

“குளிர்ல விரல் இதுக்கு மேல வேலை செய்யாது.”

பட்டாலி என்கிற கட்டி வெல்லம் கிலோ 250 ரூபாய்க்கு இரண்டு கிலோ வாங்கினேன். சர்க்கரை கலக்காதது என்பதற்கு நண்பன் சாட்சி. கடைவீதியில் பாதி விலைக்கும் கிடைக்குமாம், அதில் பாதி சர்க்கரையும் கிடைக்குமாம். கருப்பட்டி வாங்கிப் பழகியவனுக்கு இது புதுக் கதை இல்லை.

அதே நாள். பத்து மணி முதல்

பச்சைப் பட்டாணி வைத்த கச்சோரி, குளிர்காலத்தில் மட்டும் போடுவார்களாம். நான்கும் உருளைக்கிழங்குக் குழம்பும் 40 ரூபாய். எட்டு சாப்பிட்டேன். அதற்குள் பனி விலகி வெயில் வந்தது. தெருவில் எல்லோரும் வெயில் பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள். வெயிலைத் தேடிப் போய் உட்காரும் ஜனங்களை அன்றுதான் பார்த்தேன்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. இங்கே பல்கலைக்கழகத்து இந்தி பவனச் சுவரில் ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி 1946–47இல் வரைந்த இடைக்கால பக்தர்களின் பெரிய சுவரோவியம். கபீர், துளசிதாசர், சூர்தாசர் எல்லோரும் இருக்கும் அதில் நம் ராமானுஜரும் இருக்கிறார் என்று இவன் எத்தனையோ முறை போனில் சொல்லியிருக்கிறான். நேரே அங்கே போனோம். பூட்டு.

புதன்கிழமை இங்கே வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அல்ல, புதன். பதினோரு வருஷம் இங்கே இருப்பவனுக்கு அது தெரியாதா? தெரியும். இன்று புதன் என்பதுதான் தெரியவில்லை. “எனக்குக் கிழமை எல்லாம் எங்கடா ஞாபகம் இருக்கு?” என்றான். சண்டை போடலாமா என்று யோசித்தேன். நாள் குறித்து டிக்கெட் போட்டதும் நான்தான், நானும் விசாரித்திருக்கலாம்.

அவனுக்கே சங்கடமாகிவிட்டது போல. பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, “இப்படி மூணு சுவர், மேல் பாதி மட்டும். ஈரச் சுண்ணாம்புல வரையறது, காயறதுக்குள்ள முடிக்கணும். மாதிரிப் படம் பெருசா வரைஞ்சு வச்சு ஒத்தி எடுக்கல, நேரா சுவர்லயே” என்று கையால் காற்றில் வரைய ஆரம்பித்தான். இங்கே ஆறு மாதிரி கூட்டம் ஓடி வரும், இங்கே ஒருத்தர் நிற்பார், அவருக்குப் பின்னால் குறுகலான தெரு என்று கையைத் தாழ்த்தி, உயர்த்தி, ஒரு இடத்தில் எக்கி நின்று காட்டினான். பத்து நிமிஷம். சைக்கிளில் போன இரண்டு பெண்கள் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதை வரைந்தவருக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை மோசம், ஒரு கண் வேலை செய்யாது. 1957இல் இன்னொன்றும் போய்விட்டது. அதற்குப் பிறகும் வேலை செய்திருக்கிறார், கையால் தடவித் தடவி. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்த ராமானுஜர் இவன் கைவிரலில் இருந்தார். ஸ்ரீரங்கத்தில் மூலவரையே பார்த்துவிட்டேன், பரவாயில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். முழுக்க ஆகவில்லை.

கலாபவன வளாகத்தில் திறந்தவெளியில் இருப்பதையாவது பார்க்கலாம் என்று கூட்டிப்போனான். கறுப்பு வீடு என்கிற காலோ பாடி: மண் சுவரில் புடைப்புச் சிற்பங்கள் செய்து, மழைக்குத் தாங்கத் தார் பூசியிருக்கிறார்கள். 1930களின் வேலை. கொஞ்சம் தள்ளி இன்னொரு கட்டடம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக மிருகங்களும் மனிதர்களும் நெளிந்தார்கள். கே.ஜி. சுப்பிரமணியன் செய்தது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர், 1942 போராட்டத்தில் சிறைக்குப் போனதால் வேறு அரசுக் கல்லூரிகளில் இடமில்லை என்றாகி, 1944இல் இங்கே வந்து சேர்ந்தவர். “நமக்கு முன்னாடியே வழி போட்டு வச்சவர்” என்றான் நண்பன். இவனைச் சிறையில் போடவில்லை, அப்பாவிடம் பெல்ட் அடி மட்டும்தான் வாங்கினான்.

நான் அதிக நேரம் நின்றது ராம்கிங்கர் பைஜின் ‘சாந்தால் குடும்பம்’ சிற்பத்துக்கு முன்னால். 1938. படத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். படத்தில் தெரியாத விஷயம் ஒன்று: அது முழுக்கச் சரளை. சிமென்டில் இந்த ஊர்ச் செம்புறாங்கல் பொடிக்கற்களைக் குழைத்து, கையால் அப்பி அப்பி நேரடியாகவே எழுப்பியிருக்கிறார். கிட்டே போனால் தசை இல்லை, கப்பிச்சாலை. நாலு எட்டு பின்னால் வந்தால் ஒரு மனிதன் தோள்காவடியில் குழந்தையையும் சாமானையும் தூக்கிக்கொண்டு நடக்கிறான், பெண் தலையில் சுமையோடும் இடுப்பில் கைக்குழந்தையோடும் நடக்கிறாள், கூட ஒரு நாய். வீட்டைக் காலி செய்துகொண்டு வேலை தேடிப் போகிறார்கள். காலையில் வாசலில் காவடியோடு நின்ற சாச்சாதான் எனக்கு ஞாபகம் வந்தார்.

மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த ராய் சௌத்ரி இதே வங்காளத்துக்காரர், 1929இலேயே சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைவராக வந்தவர். அந்தச் சிலையும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் பாறையைப் புரட்டும் நாலு பேரும் நாம் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் கூடுதலாகவே முக்குகிற மாதிரி எனக்கு எப்போதும் தோன்றும். இவர்கள் நம்மைக் கண்டுகொள்ளவே இல்லை. போகிற வேகத்தில் போகிறார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்று நண்பன் திட்டினான். அவனுக்கு அது தொழில், எனக்கு அபிப்பிராயம்.

மத்தியானச் சாப்பாடு ஒரு பௌதி, அதாவது அண்ணி, வீட்டு முன்கட்டில் நடத்தும் கடையில். சோறு, பருப்பு, கத்திரிக்காய் வறுவல், கசகசா அரைத்து வைத்த உருளைக்கிழங்கு, முட்டைக் குழம்பு, கடைசியில் தக்காளி இனிப்புச் சட்னி. 110 ரூபாய். கசகசாவை நாம் குருமாவுக்கு ஒரு ஸ்பூன் போடுவோம். இங்கே அதையே கறியாகச் சாப்பிடுகிறார்கள். போதும் என்று இலையை மூடக் கை போனது, இலையே இல்லை, தட்டு. பௌதி “ஆர் எக்டு” என்று இன்னொரு கரண்டி போட்டுவிட்டார். இதற்கு அகராதி தேவைப்படவில்லை. இன்னும் கொஞ்சம்.

அதே நாள். இரண்டு மணி முதல் ராத்திரி வரை

இதற்காகத்தானே வந்தது. அவன் வேலை செய்வதைப் பார்க்க.

ஓவியர் என்றால் ஸ்டாண்டில் துணி, கையில் பிரஷ் என்றுதான் என் கற்பனை. இவன் எட்சிங் செய்கிறவன். செப்புத் தகட்டில் மெழுகும் தாரும் கலந்த பூச்சைத் தடவி, ஊசியால் அதைக் கீறி வரைய வேண்டும். கீறிய இடத்தில் செம்பு தெரியும். பிறகு அதை ஆசிடில் போட்டால், கீறின கோட்டை மட்டும் அது அரிக்கும். இவர்கள் பாஷையில் ‘கடிக்கும்’. கடித்த பள்ளத்தில் மையை அடைத்து, ஈரக் காகிதம் வைத்து, பிரஸ்ஸில் ஓட்டினால் படம். வரைவதெல்லாம் போன வாரமே முடிந்துவிட்டது. இன்று கடிக்க வேண்டும், அச்செடுக்க வேண்டும்.

ஆசிட் என்றாலும் இது பெர்ரிக் குளோரைடு. பார்க்க நாட்டு மருந்துக் கடைக் கஷாயம் மாதிரியே இருந்தது. கோடைக்காலத்தில் இருபத்தைந்து நிமிஷத்தில் கடிப்பது இந்தக் குளிரில் முக்கால் மணி ஆகிறதாம். அதனால் ஆசிட் தட்டை ஒரு பெரிய டப்பில் வைத்து, சுற்றிலும் வெந்நீர் ஊற்ற வேண்டும். வெந்நீர்க் கெட்டிலைத் தூக்கும் பொறுப்பு எனக்கு. ஆடிட்டர் ஆபீசில் இருபது வருஷம் இருந்தவனுக்கு ஏற்ற வேலை.

அவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். நான் இன்னொன்றில். அவ்வளவுதான். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை எழுந்து தகட்டை எடுத்துக் கழுவி, வெயிலில் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, சில கோடுகளை வார்னிஷால் மூடிவிட்டு மறுபடி உள்ளே போடுவான். மூடிய கோடு அதற்கு மேல் கடிபடாது, மெல்லிசாகவே நிற்கும். விட்டது ஆழமாகி அழுத்தமாக விழும்.

சுவரில் கலரில் ஒரு படம்கூட இல்லையே என்று கேட்டேன். சோம்நாத் ஹோரைப் பற்றிச் சொன்னான். 1943 பஞ்சத்தில் செத்துக்கொண்டிருந்தவர்களைத் தெருவில் உட்கார்ந்து வரைந்தவர். பின்னால் இங்கே அச்சுக்கலைத் துறைக்குத் தலைமை வகித்தார். 1970களில் காகிதக் கூழை வார்த்து, வெள்ளையில் வெள்ளையாகவே கீறலும் பொத்தலுமாகச் செய்து, ‘காயங்கள்’ என்று பெயர் வைத்தார். மை கிடையாது, நிறம் கிடையாது. “அதைப் பார்த்த பிறகு கறுப்புக்கூட எனக்கு ஆடம்பரமாப் படுதுடா” என்றான். இந்த மாதிரி வாக்கியம் அவன் அன்று முழுக்கச் சொன்னது இது ஒன்றுதான். மற்றபடி வெல்டிங் பட்டறையில் பிரஸ் செய்த கதை, அதற்கு மாதம் மூவாயிரமாகக் கட்டிய தவணை, காகித விலை.

நாலு மணிக்குத் தகடு தயார். மை குளிரில் இறுகிப் பசையாக இருந்தது. ஹீட்டரில் தகட்டைச் சூடாக்கித்தான் தடவ வேண்டும் என்று பிளக்கைப் போட்டான். கரண்ட் போய்விட்டது. அவன் பதறவே இல்லை. கேஸ் அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டு, அதன் மேல் தகட்டை வைத்தான். “இதுல தோசை ஊத்துவியா?” என்றேன். “வேற கல்லு.” வேறு கல் எதுவும் சமையலறையில் என் கண்ணில் படவில்லை.

மையை ரப்பர்த் துண்டால் பூசி, சல்லாத் துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தடவல். தகடு பளிச்சென்று ஆகிவிட்டது, கோட்டில் மட்டும் கறுப்பு நின்றது. ஈரப்படுத்தி வைத்திருந்த நேபாளக் காகிதம் மூன்றே தாள். முதல் தாளில் மை பிடிக்கவில்லை, கோடெல்லாம் சாம்பலாக விழுந்தது. இரண்டாவது மடிந்துவிட்டது. அதற்குள் ஐந்து மணி பத்து நிமிஷம். இந்த ஊரில் சூரியன் அதற்கு மேல் காத்திருப்பதில்லை. கும்பகோணத்தில் ஆறு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தாளை என் மொபைல் டார்ச்சில் செய்தோம். “காகிதத்தைக் கையால தொடாத. இந்த மடிச்ச துண்டு இருக்கு பார், அதால ஓரத்தைப் பிடி” என்று முதலிலேயே சொல்லியிருந்தான். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் காகிதம். ஞாபகம் இருக்கிற நேரமா அது? அவன் சக்கரத்தைச் சுற்றினான். கப்பல் சுக்கான் மாதிரிக் கைபிடிகள், ஒவ்வொரு பிடிக்கும் அவன் உடம்பு முழுசாகச் சாய்ந்து எழுந்தது. சாச்சா கயிற்றில் சாய்ந்த மாதிரியே.

அப்போது பார்த்து அவன் அம்மாவிடமிருந்து போன். டார்ச் பிடித்திருந்த என் போனுக்கே. ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்னப்பா பண்றான் அவன்?”

“மெஷின் சுத்தறான்மா.”

“சரி, சாப்பிட்டானா?”

பிரஸ்ஸில் தாளின் மேல் போட்டிருந்த கம்பளியை விலக்கி, காகிதத்தின் ஒரு முனையை நகத்தால் கிளப்பி, மெதுவாக உரித்தான். படம் வந்தது. மரம், கயிறு, அந்தக் கால், ஓங்கிய அரிவாள். கோடு ஒவ்வொன்றும் காகிதத்திலிருந்து எழுந்து நிற்கிற மாதிரி தடவிப் பார்க்கத் தோன்றியது. தகட்டின் விளிம்பு அழுந்திச் சுற்றிலும் ஒரு மெல்லிய பள்ளம். அந்தப் பள்ளத்துக்கு வெளியே, வெள்ளை ஓரத்தில், வலது கீழ் மூலையில், ரேகை ரேகையாக என் கட்டைவிரல்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு பலகைக்கு நடுவே தாளை வைத்துவிட்டு, கையைக் கடுகெண்ணெய் போட்டுத் துடைத்தான். பிறகு கூழ் வடாத்தை எடுத்து அதே தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் பொரித்தான். ஒரு நாள் முழுக்க, இரண்டு பேர், மூன்று தாள், ஒரு பிரின்ட், அதிலும் என் ரேகை. ராத்திரி லேப்புக்குள் படுத்துக்கொண்டு, “நாளைக்கு இன்னொண்ணு எடுத்துடுவேன், விடு” என்றான். “எனக்கு ரயில்” என்றேன். “அதான் சொல்றேன், நீ போன பிறகு.”

ஜனவரி 8, வியாழன். காலை

இன்று பனி இல்லை. ஏழு மணிக்கே நல்ல வெயில். டோட்டோ எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தது. சாச்சா காவடியை இறக்கி வைத்துவிட்டு, வாசல் திண்ணையில் என் கைக்காபியைக் குடித்தார். கசப்பு முகத்தில் தெரிந்தது. மரியாதைக்காக முடித்தார்.

நண்பன் உள்ளே போய்ப் பலகைக்கு நடுவிலிருந்து தாளை எடுத்து வந்து நீட்டினான். சாச்சா கையை லுங்கியில் நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். எனக்குச் சுருக்கென்றது. முதலில் அவர் கண் போனது மூலைக்கு.

“டிப்சோய் கார்?” என்றார். கைநாட்டு யாருடையது?

நண்பன் என்னைக் காட்டினான். பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி, அனுதாபத்தோடு என்னைப் பார்த்தார். பிறகு படத்தைத் தூரத்தில் பிடித்தும் பக்கத்தில் பிடித்தும் பார்த்துவிட்டு, மெதுவாக ஏதோ சொன்னார். நண்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

“என்னடா?”

“அருவாள் எந்தக் கையில இருக்கு பாரு.”

இடது கையில் இருந்தது. தகட்டில் வலது கையில்தான் வரைந்திருக்கிறான். அச்சில் எல்லாம் இடம் வலம் மாறும் என்பது முதல் வருஷப் பையனுக்கும் தெரியும். பதினோரு வருஷம் கழித்து, நேரில் பார்த்ததை அப்படியே கீறிவிட்டிருக்கிறான். கிழமை மறந்தவன்தானே.

சாச்சாவுக்கு அது ஒரு பெரிய குறையாகவே பட்டது. இந்தக் கையால் சீவினால் மரம் செத்துப்போகும் என்றாராம். தாளைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு யோசித்தார். அப்புறம் எழுந்து, வாசலுக்கு வந்து, கிழக்கே திரும்பி நின்றார். தாளைத் திருப்பி, பின்பக்கம் தன்னைப் பார்க்கும்படி, இரண்டு கையாலும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மெல்லிய நேபாளக் காகிதத்தில் படம் மங்கலாக இந்தப் பக்கம் தெரிந்தது. மரம், கயிறு, கால். அரிவாள் வலது கையில்.

“ஏய் தோ, டீக் ஆச்சே” என்றார். இதோ, சரியாக இருக்கிறது.

வாசலில் டோட்டோ ஹார்ன் அடித்தது.